சுகரமுர்தி: சிரிக்க வைத்த சூனியமும் எரிக்கப்பட்ட பெண்களும்

மாட்ரிட் நகரின் நடுவே புவேர்தா தெல் சோல் என்றொரு சதுக்கம். உடம்பெல்லாம் வர்ணம் பூசிக்கொண்டு சிலைபோல அசையாமல் நிற்பவர்கள், பொம்மை வேடம் போட்டுக் குழந்தைகளோடு படம் எடுத்துக் காசு வாங்குபவர்கள் என்று நாள் முழுக்க அங்கே ஜனம் மொய்க்கும். அந்தக் கூட்டத்தில் வெள்ளி வர்ணம் பூசிய ஏசு ஒருவர் சிலுவையோடு நிற்கிறார். கொஞ்சம் தள்ளி, உச்சி முதல் பாதம் வரை பச்சை வர்ணத்தில் ஒரு பொம்மைச் சிப்பாய். பிள்ளைகளுக்குப் பிடித்த ஸ்பாஞ்ச்பாபும் இருக்கிறது. சற்று நேரத்தில் இவர்கள் கையில் துப்பாக்கி முளைக்கிறது. பழைய நகை வாங்கும் கடைக்குள் புகுந்து கொள்ளையடிக்கிறார்கள். ஏசு வேடம் போட்ட ஹோசேயோடு அவன் மகன் செர்ஹியோவும் வந்திருக்கிறான், பள்ளிக்கூடத்துப் பையன். விவாகரத்தான அப்பாவுக்கு மகனோடு இருக்கக் கிடைத்த நாள் அது. அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கொள்ளைக்கே கூட்டிவந்துவிட்டான்.

ஸ்பானிய இயக்குநர் அலெக்ஸ் தே லா இக்லேசியா 2013-ல் எடுத்த ‘லாஸ் புரூஹாஸ் தே சுகரமுர்தி’ படத்தின் கதை இப்படித் தொடங்குகிறது. சுகரமுர்தி ஊரின் சூனியக்காரிகள் என்று அர்த்தம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் படம். அதே ஊரில் நானூறு வருடங்களுக்கு முன் உண்மையில் நடந்ததைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்த்தபோது எனக்குப் பாதி இடங்களில் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் எழுத நினைக்கிறேன்.

கொள்ளையில் கிடைத்த பையில் இருப்பவை பெரும்பாலும் திருமண மோதிரங்கள். ஆயிரக்கணக்கில். படம் வந்த வருடம் ஸ்பெயினில் வேலையில்லாதவர்கள் 26 சதவீதத்தைத் தாண்டியிருந்தார்கள். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தங்கத்துக்கு ரொக்கம் என்ற பலகையோடு தெருவுக்குத் தெரு கடைகள் திறந்தன. விற்பதற்கு வீட்டில் கடைசியாக மிஞ்சும் தங்கம் கல்யாண மோதிரம்தானே. நம் ஊரில் தாலிக்கொடி அடகுக்குப் போகும் நிலை எதுவோ, அந்த நிலையில் கழற்றப்பட்ட மோதிரங்கள் அவை. உடைந்துபோன ஒரு குடும்பத்துக்காரன், உடைந்த குடும்பங்களின் மோதிரங்களை மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறான். கதை சூனியக்காரிகளின் ஊருக்குப் போகும் முன்பே, குடும்பம் எப்படிச் சிதைந்தது என்பதை இயக்குநர் சொல்லிவிடுகிறார்.

தப்பிக்க நிறுத்தி வைத்திருந்த காரை, கூட்டாளி அந்தோனியோவின் காதலி கடைக்குப் போக எடுத்துச் சென்றுவிடுகிறாள். வழியில் கிடைத்த டாக்ஸியை மிரட்டி ஏறுகிறார்கள். பிரான்ஸ் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்பது திட்டம். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த டாக்ஸிப் பயணம். துப்பாக்கி பிடித்தவனும், அது நீட்டப்பட்ட டிரைவரும் கொஞ்ச நேரத்தில் ஒரே கட்சி ஆகிவிடுகிறார்கள். மனைவி சரியில்லை, காதலி நச்சரிக்கிறாள், நம்மைப் புரிந்துகொள்ள ஒருத்தியும் இல்லை என்று ஆளாளுக்கு ஒரு புலம்பல். பின் சீட்டில் ஒரு சிறுவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அம்மாவைப் பற்றித்தான் அப்பா பேசுகிறான். டைட்டில் ஓடும்போதே பழைய சூனியக்காரிகளின் சித்திரங்களோடு மார்கரெட் தாட்சர், ஏஞ்சலா மெர்கல் முகங்களையும் காட்டி, ஆண்களின் இந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று தே லா இக்லேசியா கோடு போட்டுவிட்டார். டாக்ஸியில் அது வாயைத் திறந்து பேசுகிறது.

எல்லைக்கு முன்னால் கடைசி ஊர் சுகரமுர்தி. அங்கே ஒரு பெரிய வீடு. பாட்டி மரிச்சு, அவள் மகள் கிராசியானா, பேத்தி ஏவா என்று மூன்று தலைமுறைப் பெண்கள் ஆளும் வீடு. ஆண் வாரிசு ஒருவனை ஆள் கண்ணில் படாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள். பாட்டி பையனைச் சமைக்கப் பார்க்கிறாள். அம்மாவுக்கோ உலகத்தைப் பெண் தெய்வத்தின் கையில் ஒப்படைக்கும் பெருங்கனவு. அதற்கு இந்தப் பையன் தேவை. பேத்தி ஏவா போயும் போயும் ஹோசே மீது காதல் கொண்டுவிடுகிறாள். அங்கிருந்து சூனியக்காரிகளின் குடும்பத்திலும் விரிசல் விழுகிறது. இந்தப் பக்கம் விவாகரத்தில் சிதறிய குடும்பம், அந்தப் பக்கம் காதலால் பிளக்கும் குடும்பம், நடுவில் ஒரு பையன். பையனைத் தேடி அவன் அம்மா சில்வியாவும் ஊருக்கு வந்து சேர்கிறாள், அவள் பின்னாலேயே இரண்டு போலீஸ்காரர்கள். மீதியைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய படங்களை டார்க் காமெடி என்கிறார்கள். சாவு, கொடுமை, பயம், துரோகம் என்று சிரிக்கக் கூடாதவையாக நாம் ஒதுக்கி வைத்தவற்றின் நடுவில் நிறுத்திச் சிரிக்க வைப்பது அதன் வேலை. சிரித்து முடித்தபின் எதற்குச் சிரித்தோம் என்று நெஞ்சில் ஓர் உறுத்தல் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் படம் தோற்றது என்பேன்.

இந்தப் படத்தை என் அக்காவோடு சேர்ந்து பார்த்தேன். பாட்டி மரிச்சுவாக வரும் தெரேலே பாவெஸ் முதலில் திரையில் தெரிந்தபோது அக்கா என் கையைப் பிடித்தாள். “ஏண்டி, நம்ம பெரியம்மா மாதிரியே இல்ல?” என்றாள். எனக்கும் அதுவேதான் தோன்றியிருந்தது.

பெரியம்மா சின்ன வயதிலேயே கணவனை இழந்தவர். கை வைத்தியம் தெரியும். பிள்ளைக்கு மாந்தம் என்றால் ஊரே அவரிடம்தான் வரும். சித்திக்கு அடுத்தடுத்துக் கர்ப்பம் கலைந்தபோது குறி கேட்கப் போனார்கள். செய்வினை வெளியில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பொம்பளையின் வேலை என்று பதில் வந்தது. பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பிறகு ஒருவரைக் கூட்டிவந்து வாசற்படிக்குக் கீழே தோண்டினார்கள். கறுப்புக் கயிறு சுற்றிய செப்புத் தகடு ஒன்று வந்தது. அதில் கட்டம் போட்டு எழுத்துகள் கீறியிருந்தன. பல வருடங்களாக மண்ணுக்குள் கிடந்தது என்றார் எடுத்தவர். தகட்டில் ஒரு புள்ளி களிம்பு இல்லை. கழுவி வைத்த பூஜைச் சொம்பு மாதிரி பளபளத்தது. அதைப் பார்த்த பெரியவர்கள் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அன்றிலிருந்து பெரியம்மா கையால் எங்களுக்குச் சோறு கிடையாது. கொஞ்ச நாளில் அவர் பிறந்த வீட்டுக்கே போய்விட்டார்.

சூனியம் என்ற பழி பெரும்பாலும் இப்படி உறவு வழியாகத்தான் வருகிறது. தெரியாத ஊர்க்காரி மேல் அது விழுவது அபூர்வம். அத்தை, ஓரகத்தி, மாமியார், விதவை என்று, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவள் மேல்தான் விழும். சுகரமுர்தியிலும் அப்படித்தான் விழுந்தது.

ஸ்பெயினின் வடக்கே நவார்ரா பகுதியில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி, பாஸ்க் மொழி பேசும் சின்னஞ்சிறு மலைக் கிராமம் சுகரமுர்தி. பக்கத்திலேயே ஓர் ஓடை பாறையைக் குடைந்து உண்டாக்கிய பெரிய குகை. சுமார் 120 மீட்டர் நீளம். ஓடைக்கு நரக ஓடை என்று பெயர். படத்தின் கடைசிக் காட்சிகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் திரளும் குகை இதுதான்.

1608 டிசம்பரில் மரியா தே ஷிமில்தேகி என்ற இளம்பெண் இந்த ஊருக்குத் திரும்பி வந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக் கடற்கரை ஊரில் வேலைக்காரியாக இருந்தவள். அங்கே அப்போது சூனியப் பேச்சு காட்டுத்தீயாக இருந்தது. அடுத்த வருடமே பியேர் தே லாங்க்ர் என்ற நீதிபதி அங்கே அனுப்பப்பட்டுப் பலரைக் கொன்றார். அந்த ஊர் ஆண்கள் மீன் பிடிக்கவும் திமிங்கிலம் வேட்டையாடவும் நியூஃபவுண்ட்லாந்து வரை கடலில் போய்ப் பல மாதங்கள் கழித்துத் திரும்புபவர்கள். வீடுகளையும் ஊரையும் நடத்தியவர்கள் பெண்கள். தனியாக வீட்டை நடத்தும் பெண்களைப் பார்த்த நீதிபதிக்கு அதுவே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஷிமில்தேகி அந்தப் பக்கம் தான் சூனியக் கூட்டத்தில் இருந்ததாகச் சொன்னாள். இந்த ஊர்க் கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன் என்று பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். முதலில் மாட்டியவள் மரியா தே ஹுரேதேகியா, இருபது வயதைத் தாண்டிய குடும்பப் பெண். இல்லை என்று சாதித்தாள். சுற்றியிருந்தவர்கள் விடவில்லை. ஒப்புக்கொள் என்று நெருக்கினார்கள். கடைசியில் மயங்கி விழுந்து, எழுந்து, ஆமாம் என்றாள். யார் உன்னைக் கூட்டிப்போனது என்ற கேள்விக்கு அவள் சொன்ன பெயர் சொந்த அத்தை மரியா சிப்பியாவுடையது. பிறகு ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் போய்த் தேரை தேடினார்கள். சூனியக்காரிகள் தேரை வளர்ப்பார்கள் என்பது நம்பிக்கை.

மாதாகோயிலில் எல்லோர் முன்னாலும் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஊர் மன்னித்தது. விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்று மக்கள் நினைத்தார்கள், அது அங்கேயே முடிந்திருக்கவும் முடியும். ஆனால் செய்தி லோக்ரோன்யோ நகரில் இருந்த இன்குவிசிஷன் என்ற சமய விசாரணை மன்றத்துக்குப் போய்விட்டது. 1609 ஜனவரியில் நான்கு பெண்களைக் கொண்டுபோனார்கள். பயத்தில் பொய் சொன்னோம் என்று விளக்குவதற்காகத் தாங்களாகவே அங்கே நடந்துபோன ஊர்க்காரர்களும் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

அப்படிச் சிறைபட்டவர்களில் ஒருவர் எண்பது வயது மூதாட்டி. சூனியக் கூட்டத்தின் ராணி என்று அவரை எழுதிவைத்தார்கள். மகள்களையும் கைது செய்தார்கள். சிறையில் நோய் பரவி மூதாட்டி இறந்துபோனார். அவர் பெயர் கிராசியானா தே பாரெனெச்சேயா. படத்தில் கார்மென் மௌரா நடிக்கும் சூனியத் தலைவியின் பெயரும் கிராசியானாதான்.

1610 நவம்பர் 7, 8 தேதிகளில் லோக்ரோன்யோவில் தண்டனைத் திருவிழா நடந்தது. திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். முப்பதாயிரம் பேர் வேடிக்கை பார்க்க வந்ததாக அந்தக் காலத்தவர்கள் மதிப்பிட்டார்கள். பதினொரு பேருக்கு நெருப்பு. ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். ஐந்து பேர் அதற்குள் சிறையில் செத்துப்போயிருந்ததால் அவர்களுடைய உருவப் பொம்மைகளையும் எலும்புகளையும் எரித்தார்கள். உயிரோடு எரிக்கப்பட்டவர்கள் கடைசிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுத்தவர்கள். ஒப்புக்கொண்டவர்களுக்கு உயிர் பிழைக்க வழி இருந்தது. உண்மை பேசியதற்காகச் செத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

அந்த மன்றத்தின் மூன்று விசாரணையாளர்களில் ஒருவர் அலோன்சோ தே சலசார் ஃப்ரியாஸ். பாதிரியார், சட்டம் படித்தவர். தண்டனை முடிவுகளில் ஒன்றிலாவது மற்ற இருவரோடு அவர் ஒத்துப்போகவில்லை. 1611 மே மாதம் மன்னிப்பு ஆணையோடு மலைக் கிராமங்களுக்குப் புறப்பட்டார். ஒப்புக்கொண்டால் தண்டனை இல்லை என்பது ஆணை. 1,802 பேர் வந்து ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 1,384 பேர் குழந்தைகள். இரவில் தூக்கத்தில் பறந்துபோனோம், பாட்டி கூட்டிப்போனாள், பக்கத்து வீட்டு அத்தை கூட்டிப்போனாள் என்றார்கள்.

சலசார் பயப்படவில்லை, கோபப்படவும் இல்லை. சோதித்தார். கூட்டம் எங்கே நடந்தது, எந்த வழியாகப் போனீர்கள், உடுப்பு எங்கே வைத்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சம்பவ இடத்துக்கே கூட்டிப்போய்க் கேட்டார். பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கூட்டம் நடப்பதாகச் சொல்லப்பட்ட இரவில் அவருடைய உதவியாளர்களே அந்த இடத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பறப்பதற்கான மருந்து என்று வீடுகளிலிருந்து கொண்டுவந்த சட்டிகளை மருத்துவர்களிடம் காட்டினார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒரு விலங்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணைக்காரர்களின் நெருக்கடிக்குப் பயந்து, கொழுப்பையும் கரியையும் கலந்து அந்த வீட்டுக்காரர்களே தயாரித்தது என்று வெளியே வந்தது. அங்கே எங்கேயும் சூனியத்துக்கான ஒரு அறிகுறியும் கிடைக்கவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கியபிறகே சூனியக்காரிகள் உண்டானார்கள் என்பது அவர் கண்ட முடிவு.

மாட்ரிட் மேலிடம் 1614 ஆகஸ்டில் புதிய விதிகள் போட்டது. ஆதாரமில்லாத வாக்குமூலத்தை நம்பித் தண்டிக்க முடியாத நிலை வந்தது. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் நெருப்பு இன்னும் பல பத்தாண்டுகள் எரிந்தது. ஸ்பானிய இன்குவிசிஷன் சூனியத்துக்காக எரிப்பதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டது. கொடுமைக்குப் பெயர்போன ஒரு மன்றத்துக்குள் இருந்துகொண்டே ஒருவர் இதைச் சாதித்தார்.

சலசார் கதையை அக்காவிடம் சொன்னேன். சட்டிகளைச் சோதித்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். “அந்தத் தகட்டக் கையில வாங்கி, என்னப்பா இது, நேத்து வாங்குன மாதிரி இருக்கேன்னு அன்னைக்கு ஒரு ஆம்பள கேட்டிருந்தா, பெரியம்மா நம்ம வீட்டுலயே இருந்திருப்பாங்க” என்றாள்.

இனிப் படத்துக்கு வருகிறேன். தே லா இக்லேசியா பில்பாவோவில் பிறந்த பாஸ்க்காரர். இந்த வரலாறு அவர் மண்ணின் வரலாறு. பெண்களைக் கண்டு நடுங்கும் ஆண்களை அவர் கேலி செய்யும்வரை படம் கத்திபோல் வேலை செய்கிறது. குகைக்குள் போனபிறகு எனக்கு மனம் ஒப்பவில்லை. மலைபோல் உடம்பு கொண்ட ஒரு தாய்த் தெய்வம் அங்கே எழுந்து வருகிறது. 1908-ல் ஆஸ்திரியாவின் வில்லெண்டார்ஃபில் கிடைத்த கற்காலப் பெண் சிலையைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பிரமாதமான காட்சிதான். ஆனால் கதை அந்த இடத்தில், சூனியக்காரிகள் உண்மையாகவே இருக்கிறார்கள், பிள்ளைகளைத் தின்னப் பார்க்கிறார்கள், டாக்ஸியில் புலம்பிய ஆண்கள் பயந்ததில் தப்பில்லை என்று சொல்லிவிடுகிறது. கற்பனை ஊரில் நடந்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. உண்மையான ஊரின் பெயரையும், சிறையில் செத்த ஒரு மூதாட்டியின் பெயரையும் எடுத்துக்கொண்டு இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். நகைச்சுவைக்கு எல்லை போடக் கூடாது என்பார்கள். எல்லை போடச் சொல்லவில்லை. அந்தப் பெயரை மட்டும் விட்டிருக்கலாம் என்கிறேன்.

நடிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2014-ல் ஸ்பெயினின் கோயா விருதுகளில் இந்தப் படம் எட்டு விருதுகளை வாங்கியது. அதில் ஒன்று சிறந்த துணை நடிகை என்று தெரேலே பாவெஸுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 74. அதே இயக்குநரின் பழைய படங்களிலும் அவரைப் பார்க்கலாம். சூப்பில் உப்புப் பார்ப்பதுபோல அத்தனை சாதாரணமாகப் பையனைப் பார்ப்பார், அந்தப் பார்வைக்கே விருது தகும். 2017-ல் காலமானார். விருதுக்குப் பெயர் தந்த ஓவியர் பிரான்சிஸ்கோ கோயாவும் 1790-களின் கடைசியில் சூனியக் கூட்டங்களை வரைந்தவர்தான். ஆட்டுக்கடாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களின் அந்த ஓவியம் இன்று மாட்ரிட்டில் இருக்கிறது.

சலசாரையோ ஹுரேதேகியாவையோ தேடிக்கொண்டு இந்தப் படத்துக்குள் போனால் கிடைக்க மாட்டார்கள். அந்த வரலாற்றுக்குப் பக்கத்தில் வருவது பாப்லோ அகுவேரோ இயக்கி 2020-ல் வந்த ‘அகெலார்ரே’. அதுவும் 1609-ஐச் சொல்லும் பாஸ்க் கதை. ஆண்கள் எல்லாம் கடலில். ஒரு நீதிபதி வந்து ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பிடித்து அடைக்கிறார். கப்பல்கள் திரும்பும்வரை நாளைக் கடத்த வேண்டும் என்று ஒருத்தி சூனியக் கதைகளை ஜோடித்து ஜோடித்துச் சொல்கிறாள். நீதிபதி கேட்கக் கேட்க மயங்கிப்போகிறார். அவர் கேட்க விரும்பியதைத்தான் அவள் சொல்கிறாள் என்பதை ஒவ்வொரு விசாரணைக் காட்சியும் காட்டுகிறது. அதுவும் ஐந்து கோயா விருதுகளை வாங்கிய படம்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், 2013 படத்தை முதலில். அதைச் சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். ரத்தமும் ஆபாசமும் தாராளமாக இருக்கின்றன. இரண்டாவதை, வீட்டில் காலேஜுக்குப் போகும் வயதில் பெண் இருந்தால், அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள்.